நான் விட்டுக்கொடுத்த இங்கிலாந்து

இந்த வருடம் இங்கிலாந்துக்குப் போய்க் கோல்ஃப் விளையாடுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன். உறுதியான தீர்மானம். திரேசம்மாவிடம் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி.

திரேசம்மா என் மனைவி. முப்பது வருடமாக. இந்த முப்பது வருடத்தில் அருமைநாதனாகிய நான் எடுத்த தீர்மானங்கள் எல்லாமே உறுதியானவைதான். அவளிடம் சொல்லும்வரை.

கோல்ஃப் எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மொன்றியலில் ஒரு பிஸ்கற் ஃபக்டரியில் இருபத்தெட்டு வருடம் சூளைக்கு முன்னால் நின்றவனுக்குக் கோல்ஃப் தானாக வராது. மருதமுத்துவால் வந்தது. நகரத்தின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர். சொந்த ஊர் ஈரோடு. கொம்பியூட்டர் வேலை. அவருடைய ஒஃபீசில் பெரியவர்கள் எல்லோரும் கோல்ஃப் விளையாடுகிறார்கள் என்று அவரும் பழகப் புறப்பட்டார். தனியே போக வெட்கமாக இருந்ததால் என்னை இழுத்தார். இரண்டு பேராய் வெட்கப்படுவது போதாது என்று நான் ஜோன்சனை இழுத்தேன். ஜோன்சன் என்னோடு யாழ்ப்பாணத்தில் ஒன்றாகப் படித்தவன். இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். கோடையில் பள்ளிக்கூடம் இல்லை, பஸ் இல்லை, அவனுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

பந்தை ஏற்றி வைக்கிற சின்னக் குச்சிக்கு 'டீ' என்று பேர். முதல் நாள் மருதமுத்து, "டீ எடுங்க" என்றார். ஜோன்சன் ஃப்ளாஸ்க்கைத் திறந்தான்.

"உங்க ஹாண்டிகாப் என்னங்க?" என்று அடுத்துக் கேட்டார். அது ஆட்டக்காரனின் தரத்தைச் சொல்கிற இலக்கமாம். ஜோன்சனுக்குத் தெரிந்த அர்த்தம் குறைபாடு.

"எனக்கு ஜொய்சி" என்றான். "இவனுக்குத் திரேசம்மா."

இரண்டு கோடை விளையாடினோம். நான் பத்துத் தரம் வீசினால் ஏழு தரம் காற்றில் படும், இரண்டு தரம் நிலத்தில் படும். பத்தாவது தரம் மற்ற இரண்டு பேரும் விலகி நிற்பார்கள். ஆனாலும் ஆசை என்று ஒன்று இருக்கிறதே. இந்த வருடம் மே மாதம் மருதமுத்து போனை நீட்டினார். இங்கிலாந்தில் ஒரு கிராமம். பேர் வாய்க்குள் நுழையவில்லை. கல்லால் கட்டிய சின்ன வீடு. வாசலில் ரோசாப்பூ. பின்னால் பச்சை மேடு. மேட்டில் செம்மறி ஆடு. செப்டெம்பரில் ஐந்து இரவு அந்த வீட்டில் தங்கலாம், மூன்று நாள் அந்த ஊர்க் கிளப்பில் விளையாடலாம், எல்லாம் ஒரே பதிவு. கீழே சிவப்பு எழுத்தில் 'ஒரேயொரு வீடுதான் மிச்சம்' என்று போட்டிருந்தது.

"அமுக்கிட்டனுங்க" என்றார் மருதமுத்து.

"எதை?"

"சிவப்பா இருந்துச்சுங்களா, கை தானா போயிருச்சு. இனி ரத்துப் பண்ண முடியாதாம்."

ஜோன்சன் வீட்டு நிலவறையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பந்தடித்து அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்த பொடியன்கள் மாதிரி.

"இப்ப ஆர் முதல்லை வீட்டிலை சொல்லுறது?" என்றான் ஜோன்சன்.

"நீ சொல்லு."

"ஜொய்சி என்னைக் கொண்டு போடுவாள். நீ சொல்லு. திரேசம்மா சொன்னா ஜொய்சி கேப்பாள்."

"எங்க வீட்டுல அருக்காணியும் அக்கா பேச்சத்தான் கேக்குமுங்க" என்றார் மருதமுத்து.

ஆக மூன்று வீட்டுக்கும் ஒரே கதவு. அந்தக் கதவின் பேர் திரேசம்மா. நான் இரண்டு நாள் யோசித்தேன். யோசித்ததில் ஒரு திட்டம் பிறந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், திட்டத்தில் பிழை இல்லை.

அன்று மாலை ஜோன்சனுக்குப் போன் எடுத்தேன்.

"காரிலை நிக்கிறன், சொல்லு" என்றான்.

"நான் அவளிட்டைக் கேக்கப் போறதில்லை. அவளே என்னைப் போகச் சொல்லப் போறாள். கேள். நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு நீ எனக்கு எடுக்கிறாய். நான் குசினிக்குள்ளை நிண்டு, 'திரேசாவைத் தனிய விட்டிட்டு வரமாட்டன்' எண்டு பெரிசாச் சொல்லுவன். அவள் உருகிப் போடுவாள். 'பரவாயில்லை, போங்கோ' எண்ணுவாள். நான் மாட்டன் எண்ணுவன். திரும்பவும் சொல்லுவாள். திரும்பவும் மாட்டன் எண்ணுவன். மூண்டாந்தரம் சொல்லேக்கைதான் ஓம் எண்ணுவன். எப்பிடி?"

"ம்... ம்... பேந்து கதைக்கிறன்" என்றான் ஜோன்சன். என் மூளையை நினைத்து அவனுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. திரேசம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். சரியாக ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.

"ஐயோ இல்லை ஜோன்சன்! என்னாலை வரேலாது!" என்றேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் புல் வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "இங்கிலாந்தோ? ஐஞ்சு நாளோ? திரேசாவைத் தனிய விட்டிட்டோ? பிள்ளையும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலை தங்கிப் படிக்குது. இவள் இந்த வீட்டிலை ஆரோடை இருப்பாள்? நீங்கள் ரெண்டு பேரும் போங்கோடா. எனக்கு உந்தச் சந்தோசம் வேண்டாம்!"

போனை வைத்தேன். ஒரு பெருமூச்சு விட்டேன். ஃபக்டரிச் சூளைக் கதவைத் திறந்தது மாதிரி.

"ஆர் போனிலை?" என்றாள் திரேசம்மா.

"ஜோன்சன்."

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை. இங்கிலாந்துக்குக் கோல்ஃப் விளையாட வரச்சொல்லிக் கேக்கிறான். மாட்டன் எண்டிட்டன்."

"ஏன்?"

"உம்மைத் தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது?"

கத்தியை வைத்தாள். கையைத் துடைத்தாள். என் முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் போல லீக்ஸுக்குக் கண் கலங்காது. ஆகவே எனக்காகத்தான்.

"உண்மையாவோ?"

"பின்னை?"

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் முதலாவது 'மாட்டன்'-ஐத் தொண்டையில் தயாராக வைத்திருந்தேன்.

"அப்ப சரி" என்றாள்.

"எது சரி?"

"போக வேண்டாம்."

திரும்பிப் போய் லீக்ஸை வெட்டத் தொடங்கினாள்.

அன்று மத்தியானம் எனக்கென்று ஆட்டிறைச்சிக் கறி வைத்தாள். கவலையில் எனக்குச் சாப்பாடு இறங்கவேயில்லை. மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

பின்னேரம் மெல்ல ஒரு நூல் விட்டுப் பார்த்தேன். "ஜோன்சன் பாவம், விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான்..."

"பாவம்தான். மாட்டன் எண்டு வடிவா விளங்கப்படுத்திச் சொல்லுங்கோ" என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் ஒருவன் மட்டும் வீட்டில் இருந்திருப்பேன். அடுத்த நாள் ஞாயிறு. தமிழ்ப் பூசை. திரேசம்மா பாடகர் குழுவில் பாடுகிறவள். பூசைக்கு முன் அங்கே சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து ஃபாதரின் காதுக்குப் போயிருக்கிறது. அன்றைய பிரசங்கம் கணவன் மனைவி அன்பு பற்றி.

"தூரத்தில் உதாரணம் தேட வேண்டாம்" என்றார் ஃபாதர். "இந்தக் கோயிலிலேயே ஒருவர் இருக்கிறார். மனைவி தனியாக இருப்பாரே என்று இங்கிலாந்துப் பயணத்தையே உதறியவர். பேர் சொல்ல வேண்டியதில்லை. நாலாவது வாங்கில் நீலச் சட்டை."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் பீடத்தைப் பார்த்தேன். ஜொய்சி ஜோன்சனைப் பார்த்தாள். ஜோன்சன் நிலத்தைப் பார்த்தான்.

பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும். பெண்கள் ஒவ்வொருவராக வந்து, "உங்களைப்போலை ஒரு மனுசன் கிடைக்க வேணும்" என்றார்கள். ஆண்கள் ஒருவரும் கிட்ட வரவில்லை. ஒருவர் மட்டும் வந்தார். நான் முன்பின் பேசியிராத மன்னார்க்காரர்.

"அண்ணை, நான் ரொறன்ரோவுக்குக் கிரிக்கெற் பாக்கப் போக இருந்தனான். இனிப் போக ஏலாது. நல்லாயிருங்கோ" என்றுவிட்டுப் போனார்.

செய்தி றோட்டைக் கடந்து மருதமுத்து வீட்டுக்குப் போக ஒரு நாள் எடுத்தது. திங்கட்கிழமை பின்னேரம் அருக்காணியின் குரல் எங்கள் முற்றம்வரை கேட்டது.

"எதுத்த ஊட்டு அண்ணனைப் பாருங்க! அக்காவைத் தனியா உட்டுட்டுப் போகமாட்டேன்னு சொல்லிப்போட்டாராமா. நீங்க என்னடான்னா வீடே புடிச்சு வெச்சிருக்கறீங்க!"

சிறிது நேரத்தில் மருதமுத்து குப்பை வாளியை வெளியே வைக்கிற சாட்டில் வந்தார். "ஏனுங்கண்ணா, நீங்க கவுந்தது சரி. என்னையும் சேத்துக் கவுத்தீட்டீங்களே" என்றார். மெலிந்து போயிருந்தார். ஒரே நாளில்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு கூட்டம். நாங்கள் கூட்டியது அல்ல. சோஃபாவில் மூன்று புருஷன்மாரையும் வரிசையாக இருத்தினார்கள். எதிரே மூன்று பெண்சாதிமார். தலைமை திரேசம்மா.

"அந்த இங்கிலாந்து வீடு சும்மா கிடக்கப் போகுதாமே" என்றாள்.

"ரத்துப் பண்ண முடியாதுங்க அக்கா" என்றார் மருதமுத்து. "பேரை மட்டும் வேணும்னா மாத்திக்கலாம்."

ஜோன்சன் அவருடைய காலை மிதித்தான். மிதிக்கப் பிந்திவிட்டான்.

"அப்ப மாத்துங்கோ. எழுதுங்கோ. திரேசம்மா, ஜொய்சி, அருக்காணி."

எனக்கு இரண்டு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எழும்பி நின்றேன். "என்ன? பொம்பிளையள் மூண்டு பேர் தனியவோ?"

"மூண்டு பேர் எண்டா எப்பிடித் தனிய?"

"உம்மை விட்டிட்டு இருக்கேலாது எண்டுதானே நான் போகாமல் நிண்டனான்!"

"ஓம். நீங்கள் என்னை விட்டிட்டுப் போகேல்லை" என்றாள் திரேசம்மா. "நான்தான் உங்களை விட்டிட்டுப் போறன். அது வேறை."

"உங்களுக்குக் கோல்ஃப் தெரியாதே!" என்றான் ஜோன்சன், கடைசித் துரும்புச் சீட்டைப் போட்டு.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள் ஜொய்சி.

"பழக்குங்கோ" என்றாள் திரேசம்மா என்னைப் பார்த்து. "நல்ல மனுசன் எண்டு ஃபாதரே சொல்லியிருக்கிறார்."

ஆகவே பழக்கினேன். யூலை முழுக்க, பின்னேரங்களில், வாளி வாளியாகப் பந்து வாங்கி அடிக்கிற ஒரு வெளிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் ஒரு நீண்ட விரிவுரை செய்தேன். கால் எப்படி, முழங்கால் எப்படி, தோள் எப்படி, கண் எங்கே, மூச்சு எங்கே. இருபது நிமிடம்.

"முடிஞ்சுதோ?" என்றாள்.

"ஓம்."

வீசினாள். 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இரண்டு வருடத்தில் என் மட்டையில் நான் கேட்டதில்லை. பந்து நேரே போய் நூறு யார் தூரப் பலகையைத் தாண்டி விழுந்தது. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த கியூபெக் கிழவர், "பிராவோ, மடாம்!" என்றார். என்னைப் பார்த்து, பாவம் என்பதுபோல் தலையாட்டினார்.

"எப்பிடி அடிச்சனீர்?"

"இதென்ன பெரிய வேலை? கார்டரியிலை பத்துக் குழந்தையளை ஒரே நேரத்திலை பாக்கிறனான். பத்தும் பத்துப் பக்கம் ஓடும். இது ஒரு பந்து. அதுவும் அசையாமல் இருக்குது."

பத்தொன்பது வருடமாக அந்தக் கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மற்றவர்களின் பிள்ளைகளைத் தூக்கி, துடைத்து, தூங்கவைக்கிறவள் அவள். வீட்டுக்கு வந்தால் நான். ஐந்து நாள் சமைக்காமல் அவள் எங்கேயாவது இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கும்போது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு என்று எவரும் சொல்லமாட்டார்கள். நான் இன்னொரு வாளி பந்து வாங்கி வந்தேன்.

பந்து முடிந்ததும் அங்கே கிடந்த மர வாங்கில் இருந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவோம். எங்களுக்கு எதிரே வெய்யில் மெல்ல இறங்கும். பிள்ளை வளர்ந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் அவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தது அந்த மாதம்தான். அப்படி ஒரு பின்னேரம் அவள் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லட்டே? கோவிக்கக் கூடாது."

"சொல்லும்."

"அண்டைக்கு நீங்கள் போனிலை ஜோன்சன் அண்ணையோடை ஒத்திகை பாக்கேக்கை ஜொய்சி பக்கத்துச் சீற்றிலை இருந்தவ. நீங்கள் கதைச்சது எல்லாம் கார் ஸ்பீக்கராலை வந்ததாம். மூண்டாந்தரம் சொல்லேக்கைதான் ஓம் எண்ணுவன் எண்டது வரைக்கும் கேட்டவ."

ஐஸ்கிரீம் என் காற்சட்டையில் விழுந்தது.

"அப்ப உமக்கு முதலே தெரியும்?"

"லீக்ஸ் வெட்டத் தொடங்க முதலே."

"கண் கலங்கினது?"

"சிரிப்பை அடக்கினனான்."

"ஜோன்சன் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா ஐஞ்சு நாள் இல்லை, ஐஞ்சு வருசத்துக்கு எங்கையும் போகேலாது எண்டு ஜொய்சி சொன்னவ."

"பின்னை கோயில்லை ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"நீங்கள் சொன்னதைத்தானே சொன்னனான்? ஒரு சொல்லுக் கூட்டேல்லை."

அவள் கைலேஞ்சியை எடுத்து என் காற்சட்டையைத் துடைத்தாள்.

"நேரே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீர்?" என்றேன்.

"போங்கோ எண்டிருப்பன். சூட்கேசும் அடுக்கித் தந்திருப்பன்." கைலேஞ்சியை மடித்தாள். "ஆனா, நான் இல்லாமல் இருக்கேலாது எண்டு இந்த முப்பது வருசத்திலை நீங்கள் வாய் திறந்து சொன்னது அண்டைக்குத்தான். நடிப்பெண்டு தெரிஞ்சும் கேக்க நல்லாத்தான் இருந்தது."

"அது முழுக்க நடிப்பில்லை" என்றேன்.

"தெரியும். இல்லாட்டி ஆட்டிறைச்சி வாங்கியிருப்பனோ?"

காற்று நன்றாக வீசியது. அவள் முகமும் கனிந்திருந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

"அப்ப... நானும் ஜோன்சனும் மருதமுத்துவும் போகட்டே?"

"வேண்டாம்" என்றாள். "ஃபாதர் என்ன நினைப்பார்?"

செப்டெம்பர் வந்தது. விமான நிலையத்துக்கு எங்கள் காரில் திரேசம்மாவும் நானும் என்னுடைய கோல்ஃப் பையும். இன்னொரு காரில் மற்ற நாலு பேரும் இரண்டு பைகளும். மூன்று பெண்களும் கைப்பையோடு முன்னால் போனார்கள். மூன்று ஆண்களும் மட்டைகளைச் சுமந்துகொண்டு பின்னால் போனோம். அருக்காணி மருதமுத்துவின் வெள்ளைத் தொப்பியைப் போட்டிருந்தாள். அது அவரைவிட அவளுக்கு எடுப்பாக இருந்தது. அதை அவரே சொன்னார்.

வரிசையில் நிற்கும்போது திரேசம்மா என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டாள்.

"ஐஞ்சு நாள் நான் இல்லாமல் இருப்பியளோ?"

"இருப்பன். நீர் யோசியாதையும்."

"அப்பிடிச் சொல்லக்கூடாது."

"பின்னை?"

"மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"மாட்டன்."

"ம். அது." கொலரை இன்னொரு தரம் தட்டினாள். இந்தத் தரம் கண் கலங்கியதா, சிரிப்பை அடக்கினாளா என்று நான் ஆராயவில்லை. என் கண்ணே சரியாகத் தெரியவில்லை.

எங்கள் முறை வந்தது. "போன்ஜூர்!" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். மூன்று கடவுச்சீட்டுகளையும் பார்த்தாள். பிறகு அவர்களுக்குப் பின்னால் வேர்த்துக்கொண்டு நின்ற என்னையும், என் தோளில் இருந்த பையையும் பார்த்து, இந்த மொசியேயும் விளையாடுகிறவரா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒரு வசனம் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடிப்பதற்குள் திரேசம்மா சொல்லிவிட்டாள்:

"இல்லை மடாம், இவர் பை தூக்குகிறவர். ஆனால் நன்றாகத் தூக்குவார்."